தோள் பிரிந்த கறுப்பு உடை

நவம்பர் 19

மருத்துவமனையில் காத்திருப்போர் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். இதய நோயாளிகள் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்ற பயம் போலிருக்கிறது. அப்படி ஒருவர் ஓடுவதைப் பார்க்க நேர்ந்தால் மருத்துவத்தின் மீது எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

என் கணவன் ஃபானோருக்கு இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதாம். டாக்டர் படத்தைக் காட்டினார். தோட்டத்து ரப்பர் குழாய் ஓரிடத்தில் நைந்து புடைத்துக்கொள்ளுமே, அது மாதிரி. அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்வான். செய்வதற்குக் காப்பீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். டிசம்பர் நெருங்கினால் இந்த ஊரில் யாரும் எதற்கும் சம்மதிக்க மாட்டார்கள், ஆட அழைத்தால் தவிர. ஆக, ஜனவரி.

“அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, படியேறக் கூடாது, கோபப்படக் கூடாது” என்றார் டாக்டர்.

“ஆடலாமில்ல?” என்று கேட்டான் ஃபானோர்.

டாக்டர் இந்த ஊரில் பிறந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “அதுவும் கூடாது” என்றார். புற்றுநோயைச் சொல்வதற்குக்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

பேருந்தில் ஃபானோர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான்.

“மெல்பா காதுல இது விழக் கூடாது.”

“ஏன்?”

“விழுந்தா என்னோட ஆட மாட்டேன்னுடுவா. டிசம்பர் இருபத்தஞ்சாந்தேதி ஆட்ட ஊர்வலம் இருக்கு.”

“ஆடினா செத்துடுவேன்னு இப்பத்தான் அந்த ஆளு சொன்னாரு.”

“சாகலாம்னு சொன்னாரு. கட்டாயம்னு சொல்லல.”

ஒரு நாளிதழில் பாதி ஆயுள் பிழை திருத்தியவள் நான். எனக்கே திருத்தம் சொல்கிறான்.

நவம்பர் 21

கரும்புக் காட்டை எரிக்கிறார்கள். காயப்போட்ட வெள்ளைச் சட்டைகள் முழுக்கக் கரித்தூள். மறுபடி துவைத்தேன். மறுபடி கரித்தூள்.

நவம்பர் 24

ஞாயிறு. முதியோர் நடன அரங்குக்குப் போகாதே என்றேன். வேடிக்கை பார்க்கத்தான் என்றான். காவலுக்கு நானும் போனேன்.

சல்சா ஆட்டத்துக்குப் பேர்போன காலி என்கிற இந்த ஊரில் பிறந்து, தொழிலாளர் குடியிருப்பிலேயே வளர்ந்து, ஆடத் தெரியாதவள் நான். இங்கே இது அபராதம் இல்லாத குற்றம். யாரும் திட்ட மாட்டார்கள். “காலுல ஏதாவது ஆப்பரேஷனா?” என்று பரிவோடு கேட்பார்கள்.

நாற்பது வருடமாக ஃபானோர் ஆடுவது மெல்பாவோடு. உட்கார வருவது என்னிடம். கல்யாணமே அப்படித்தான் ஆனது. ஒரு பாட்டு முடிந்து, வியர்வையோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் விழுந்தான். அப்புறம் எழுந்து போகவில்லை. நிற்கிற ஃபானோர் மெல்பாவின் இலாகா, உட்கார்ந்த ஃபானோர் என்னுடையது. எல்லை தெளிவாக இருந்ததால் சண்டை வந்ததில்லை. அவர்களுக்குள் வேறு ஏதாவது உண்டா என்று தெருவில் கேட்பார்கள். இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பொறாமை இருந்திருக்காது.

வேடிக்கை பார்க்க வந்தவன் மூன்றாவது பாட்டுக்கு எழுந்துவிட்டான். பழைய வழக்கப்படி இசைத்தட்டை அதற்குரிய வேகத்தைவிட முடுக்கிவிட்டிருந்தார்கள். வேறு ஊரில் நிதானமாகப் பாடிவைத்தவன் இங்கே வந்தால் வயிற்றுக்கடுப்போடு ஓடுகிறவன் மாதிரிதான் பாடுவான். எங்கள் கால்களுக்கு உலகம் மெதுவாகப் போய்விட்டது, நாங்கள் சரிசெய்துகொண்டோம்.

ஆடி முடித்து வந்து உட்கார்ந்தான். உதடு நீலமாக இருந்தது.

“வெயில்” என்றான். அரங்குக்குக் கூரை இருக்கிறது.

நவம்பர் 30

டிசம்பரில் பின்னறையை வாடகைக்கு விடுவோம். இந்த முறை டென்மார்க்கிலிருந்து ஒரு கணக்கு டீச்சர், கிர்ஸ்டன். ஐம்பது வயது. சல்சா கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவள். வாசலில் நின்று, “மதிப்பிற்குரிய திருமதி யூகாரிஸ், தங்கள் இல்லத்தில் தங்குவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்” என்றாள். எங்கள் வீட்டில் இவ்வளவு நல்ல வாக்கியத்தை இதுவரை யாரும் பேசியதில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஃபானோர் திரும்பிப் பார்த்தான்.

ஆடும்போது எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஐந்து, ஆறு, ஏழு. நான்கு எங்கே போனது என்று கேட்டேன்.

“நான்கில் அசையக் கூடாது” என்றாள்.

“யாரு சொன்னது?” என்றான் ஃபானோர். நாற்பது வருடமாக எல்லாவற்றிலும் அசைந்தவன்.

டிசம்பர் 4

மெல்பாவின் அழகு நிலையத்துக்குப் போனேன். ஒரு பெண்மணியின் தலை முடி உலர்த்தும் கூண்டுக்குள் இருந்தது. அவளுக்கு எதுவும் கேட்காது.

“அட, யூகாரிஸா? பத்து வருஷமா இந்தப் பக்கம் தலை காட்டலியே. தலையைப் பாத்தாலே தெரியுது.”

சொல்லிவிட்டேன். ரத்தக்குழாய், வீக்கம், ஜனவரி, எல்லாம். மெல்பா சீப்பைக் கீழே வைத்தாள்.

“அவன் சொல்லச் சொன்னானா?”

“சொல்லக் கூடாதுன்னான்.”

“அப்புறம் ஏன்டி சொல்றே?”

“அவன் உசுரோட இருக்கணும்.”

“எனக்கு மட்டும் பொணத்தோட ஆடணும்னு ஆசையா?”

ஊர்வலத்தில் அவனோடு ஆட முடியாது என்று அவளே சொல்ல வேண்டும், நான் வந்து கேட்டது அவனுக்குத் தெரியக் கூடாது. அதுதான் நான் கேட்டது. மெல்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்; நேராகப் பார்க்கவில்லை.

“என்னன்னு சொல்றது?”

“முட்டி வலின்னு சொல்லு.”

“எனக்கு முட்டியே வலிக்காதுன்னு அவனுக்குத் தெரியும்.”

“வயசாயிடுச்சுன்னு சொல்லு.”

“அதை நீ வேணா சொல்லிக்க. என் வாயில வராது.”

கடைசியில் முட்டிக்கே ஒப்புக்கொண்டாள். ஆனால் உட்கார் என்றாள். முடி வெட்டாமல் அனுப்ப மாட்டேன் என்றாள். கோபத்தில் இருக்கும் பெண்ணிடம் கத்தரிக்கோலையும் தலையையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. நியாயம்தான்.

ஃபானோர் கவனிக்கவில்லை. உட்கார்ந்த ஃபானோர் எதையும் கவனிப்பதில்லை.

டிசம்பர் 7

கன்னி மரியாளுக்குத் தெருவெல்லாம் மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். பொழுது சாய்ந்ததும் மலைக்காற்று வந்து பாதியை அணைத்தது. மறுபடி ஏற்றினோம். பக்தி என்பது பெரும்பாலும் தீப்பெட்டிச் செலவு.

மெல்பா வந்தாள், நொண்டிக்கொண்டு. சோள உருண்டை ஒன்றைக்கூடத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள். இந்த வருடம் முடியாது, ஃபானோர். முட்டி.

“சரி” என்றான் ஃபானோர். “உடம்பைப் பாத்துக்க.”

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

“வரும்போது இடது கால நொண்டினா. போகும்போது வலது.”

நான் மெழுகுவத்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னோட ஆட இஷ்டமில்ல அவளுக்கு. அன்னிக்கு அரங்குல மூச்சு வாங்கினேன்ல, பாத்துட்டா. கெழவனாயிட்டேன். அதைச் சொல்ல ஒரு முட்டி.”

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஆடப் போய்விடுவான். சொல்லாவிட்டால் உயிரோடு இருப்பான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 15

பக்கத்து வீட்டு ஜாயிர் வந்தான். சோபா தைக்கிறவன், மரத்தூள் அவனிடம்தான் கிடைக்கும். தெருவின் பழைய வருடப் பொம்மைக்குத் திணிக்க இரண்டு மூட்டை ஒதுக்கிவைத்திருக்கிறானாம்.

முப்பத்தொன்றாம் தேதி தெருவுக்குத் தெரு அந்தப் பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்து, ஆண்கள் பெண் வேடம் கட்டி, செத்துப்போகிற வருடத்துக்கு விதவையாக அழுது, வண்டிகளை மறித்துக் காசு வாங்குவார்கள்; நள்ளிரவில் பொம்மையைப் பட்டாசோடு கொளுத்துவார்கள். எங்கள் தெருவுக்கு நிரந்தர விதவை ஃபானோர். உடை என்னுடையது. என்னிடம் இருக்கிற ஒரே கறுப்பு உடை அதுதான். வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் என் துக்கத்துக்கும் ஒரு நாள் அவன் கூத்துக்கும் பொது.

“அண்ணே, இந்த வருஷமும் ஒம்போது புள்ளைங்கதானே?” என்று ஜாயிர் கேட்டான்.

“ஒம்போது. வயித்துல ஒண்ணு.”

‘ஒம்போது புள்ளைங்களை என் தலையில கட்டிட்டுப் போயிட்டியே, பாவி’ என்பது ஃபானோரின் புகழ்பெற்ற ஒப்பாரி. பேருந்து ஓட்டுநர்கள் அதைக் கேட்பதற்காகவே வண்டியை நிறுத்துவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அவன் ஒருநாளும் சொல்லி அழுததில்லை.

போட்டுக் காட்டினான். தோள்பட்டைத் தையல் இன்னும் ஒரு விரல் அகலம் விட்டுக்கொண்டது.

“கழட்டு. கிழிஞ்சே போயிடும்.”

“கிழியட்டும். நீ எதுக்குப் போடப் போறே?”

டிசம்பர் 18

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். இணைப்பில் இருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். அதுவும் சல்சா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபானோரின் கால் ஆட ஆரம்பித்தது. வைத்துவிட்டேன்.

டிசம்பர் 25

ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கிர்ஸ்டன் நேரில் போய்விட்டாள், தொப்பியும் தண்ணீரும் குறிப்புகளுமாக. ஃபானோர் நாற்காலியில், நான் பக்கத்தில். உட்காருவது என் இலாகா, எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய தலைமுறை ஆட்டக்காரர்களின் வரிசை வந்தது. வெள்ளைக் காலணி, சிவப்புக் கைக்குட்டை.

மூன்றாவது ஜோடி, மெல்பா. ஜாயிரோடு.

நொண்டவில்லை. எந்தக் காலிலும்.

நான் தொலைக்காட்சியை அணைக்க எழுந்தேன். “இருக்கட்டும்” என்றான். கேமரா அவர்களை விட்டு வேறு பக்கம் திரும்பும்வரை பார்த்தான்.

“எடப்பக்கம் சுத்தும்போது லேட்டாகுறா. ஜாயிர் கையை முன்னாடியே விட்டுடறான். சோபா தைக்கிறவன்கிட்ட குடுத்தா அப்படித்தான்.”

பிறகு, “தண்ணி கொஞ்சம் குடு” என்றான்.

மெல்பா, உன் காலில் இடி விழ.

டிசம்பர் 26

பேசவில்லை. சாப்பிட்டான். பாலாடைக்கட்டி ரொட்டி இரண்டு. கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கடைப்பிடிக்கிறானா, அல்லது இதுதான் கோபமா?

டிசம்பர் 27

காலையில் கிர்ஸ்டன் அவனிடம் போய், “ஐயா, ஊர்வலத்து ஆட்டக்காரர்களின் கால்களை என் கண்கள் பின்தொடர இயலவில்லை. எனக்கு மெதுவாகக் கற்பிப்பீர்களா?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் எழுந்துவிட்டான். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். அவனும் மெல்பாவும் முதல் பரிசு வாங்கிய பாட்டு. வேகத்தை மாற்றும் குமிழை, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தட்டின் மேல் அச்சிட்டிருக்கிற வேகத்துக்கே திருப்பினான்.

அதே தட்டு வேறு பாட்டாகிவிட்டது. குரல் கனத்திருந்தது, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. தன் மகனைப் புதைத்துவிட்டு நடந்தே வீடு திரும்புகிற ஒருவன் பாடுகிற பாட்டு. வழியில் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லையாம். இதற்குத்தான் இந்த ஊர் நாற்பது வருடமாகத் துள்ளிக்கொண்டிருக்கிறது.

“பாவம், இவன் அழுதுக்கிட்டுல்ல பாடியிருக்கான்” என்றான் ஃபானோர்.

அவளை நடத்தினான். ஆட்டம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் உலாவுவது மாதிரி. உதடு நீலமாகவில்லை. கிர்ஸ்டன் முணுமுணுப்பாக எண்ணினாள். முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான், இரண்டு நாள் கழித்து.

சொல்லிவிட வேண்டும். மெல்பா உன்னைக் கிழவன் என்று ஒதுக்கவில்லை, நான்தான் போய் அவளிடம் கெஞ்சினேன் என்று. ஊர்வலம் முடிந்துவிட்டது. இனி எதற்கு மறைக்க? திட்டுவான். திட்டட்டும். இன்று சிரித்திருக்கிறான், நாளைக் காலை காப்பியோடு சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 28

காப்பி வைக்கும்போதுதான் தேதி ஞாபகம் வந்தது. அப்பாவிகள் தினம். இன்று ஊரில் யார் எது சொன்னாலும் ஏமாற்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஃபானோர் இதில் மன்னன். போன வருடம் மெல்பாவுக்குப் போன் செய்து, லாரி ஏறி இரண்டு காலும் போய்விட்டது என்று அழுதான்; அவள் அழகு நிலையத்திலிருந்து வாடிக்கையாளரின் தலையை நுரையோடு விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

இன்றைக்குப் போய் இதைச் சொன்னால் நம்புவானா? “மெல்பா உன்னை ஒதுக்கல, நான்தான் ஒதுக்கச் சொன்னேன்”—சொல்லும்போதே ஏமாற்று மாதிரி இருக்கிறது. சிரித்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் எப்போது சொன்னாலும் அதே சிரிப்புதான். நாளைக்குச் சொல்வதுதான் புத்தி.

அதே நாள்

ஃபானோர் இறந்துவிட்டான்.

மத்தியானம், நாற்காலியில். ஒரு தடவை கிர்ஸ்டனோடு நடந்து காட்டிவிட்டு, நீ தனியா பண்ணு பார்ப்போம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறான். அவள் எண்ணி எண்ணி ஆடியிருக்கிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து, கேட்டு ரசிக்கிறான் என்று நினைத்துப் பாட்டு முடியும்வரை ஆடியிருக்கிறாள். நான் சமையலறையில் இருந்தேன். எண்ணிக்கை நின்றதும்தான் வந்து பார்த்தேன்.

இன்று டாக்டர் சொன்ன எதையும் அவன் மீறவில்லை. தூக்கவில்லை, ஏறவில்லை, ஆடவில்லை. உட்கார்ந்துதான் இருந்தான். என் இலாகாவில்.

மெல்பாவுக்குப் போன் செய்தேன்.

“மெல்பா, ஃபானோர் போயிட்டான்.”

“எங்க, என் வீட்டுக்கா?” சிரித்தாள். “போன வருஷம் காலு ரெண்டும் போச்சு. இந்த வருஷம் ஆளே போயிட்டானா? வருஷத்துக்கு வருஷம் முன்னேறுறீங்க.”

“மெல்பா.”

“நீ நல்லாத்தான் நடிக்கிறே, யூகாரிஸ். போனை அவன்கிட்ட குடு. இனிமே என்கிட்ட பேசவே மாட்டான்னு நெனச்சுட்டு மூணு நாளா சோறு எறங்கல எனக்கு. வெளையாடறான்னா கோவம் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? குடுடி. நானே அவன்கிட்ட பேசிக்கிறேன்.”

போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, மூச்சாகி, அதுவும் நின்றது.

டிசம்பர் 29

திருவிழா முடியாமல் குழி வெட்ட ஆள் வராது. முப்பத்தொன்றுதான் என்றார் இறுதிச் சடங்கு நிலையத்துக்காரர். டிசம்பரில் இந்த ஊரில் செத்தவர்களும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

நாளிதழுக்கு இரங்கல் குறிப்பு அனுப்பினேன். பிழை இல்லை. மூன்று முறை பார்த்தேன், பிழையே இல்லை.

அழுகை வரவில்லை.

டிசம்பர் 31

அலமாரியைத் திறந்தால் கறுப்பு உடை ஒன்றுதான் தொங்கியது. போட்டுக்கொண்டேன். தோள் இரண்டும் முழங்கைப் பக்கம் சரிந்தன. பிரிந்த தையலுக்கு ஊக்குக் குத்தினேன். கக்கத்தில் அவன் வியர்வை வாசனை.

மையக் கல்லறையில், சவப்பெட்டியைச் செருகி மூடுகிற சுவர் மாடம். குழிகூட இல்லை. சிமென்ட் பூசுகிறவர் வேலை செய்துகொண்டே விசில் அடித்தார். மெல்பா மட்டும் என் பக்கத்தில் நின்றாள், அவளும் கறுப்பில். ஜாயிர் பின்னால். கிர்ஸ்டன் ஊருக்குப் போகிற நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“நான் ஏன் மாட்டேன்னேன்னு அவன்கிட்ட சொன்னியா?” என்று மெல்பா கேட்டாள்.

“இல்ல.”

“ஏன்?”

“சொல்லத்தான் இருந்தேன். தேதி இருபத்தெட்டாயிடுச்சு.”

வேறு ஊர்க்காரியாக இருந்தால் புரிந்திருக்காது. மெல்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானா இருந்தாலும் நாளைக்குன்னுதான் விட்டிருப்பேன்” என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கொஞ்சம் கழித்து நான் கேட்டேன். “முட்டி வலின்னுட்டு நீ ஏன் போய் ஆடினே?”

“அவனோட ஆடாதேன்னு கேட்டே. ஆடாதேன்னு கேக்கலியே.” பிறகு, வேறு குரலில்: “நாப்பது வருஷமா எனக்கு அவன் கெடைச்சதே மூணு மூணு நிமிஷமாத்தான், யூகாரிஸ். கடைசி மூணு நிமிஷத்தையும் அந்தக் கணக்கு டீச்சருக்குக் குடுத்துட்டே.”

டாக்ஸி கிடைக்கவில்லை. மூன்று பெண்களும் நடந்தோம். மூலைக்கு மூலை மரத்தூள் கிழவன்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள், வெடிக்கக் காத்துக்கொண்டு. அவர்களைச் சுற்றி மீசைக்காரக் கைம்பெண்கள் சோம்பு சாராயத்தை உறிஞ்சிக்கொண்டு அழுதார்கள். எங்கள் தெரு முனையில், ஒவ்வொரு வருடமும் நிற்கிற இடத்திலேயே, பேருந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

“வாம்மா விதவையம்மா. இன்னும் காணலியேன்னு பாத்தேன்.”

அவர் பார்த்தது உடையை. எப்போதும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

“அடடா, ஃபானோர் அண்ணே, இந்த வருஷம் மூஞ்சிய நல்லா கட்டியிருக்கீங்க. அச்சு அசல் பொம்பளை.” உள்ளே திரும்பி, “எல்லாரும் காசை எடுங்கப்பா, நம்ம ஆளு வந்தாச்சு” என்றார்.

கிர்ஸ்டன் முன்னால் போய், “ஐயா, தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். இவர் உண்மையான விதவை” என்றாள்.

பேருந்து குலுங்கியது. “டேய், வெளிநாட்டுக்காரியையே எறக்கிட்டானுங்கடா” என்று பின்சீட்டில் யாரோ கத்தினார்கள்.

மெல்பா வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன்? தெரியவில்லை. எங்கள் ஊரில் இதை விளக்கிச் சொல்லி யாரும் நம்பப்போவதில்லை என்பதாலா?

“இந்த வருஷம் எத்தனை புள்ளை?” என்றார் ஓட்டுநர்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

“ஒண்ணுமில்லையா? விலைவாசி அப்படி.” மறுபடி சிரிப்பு. “சரி, அழு. அழுதாத்தான் காசு.”

மூன்று நாளாக வராதது அப்போது வந்தது. என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே பழக்கமில்லை. போயிட்டியே என்றேன். சொல்லாமலே விட்டுட்டேனே என்றேன். அப்புறம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுகை நின்றபோது பேருந்து முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல்களிலிருந்து காசு வந்து விழுந்தது, உடையில், தலையில்.

“போன வருஷத்தைவிட ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

கிர்ஸ்டன் காசுகளைப் பொறுக்கினாள். என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே கிடந்தால் பொறுக்குவது அவள் ஊர் வழக்கமாக இருக்கும்.

ஜனவரி 4

கிர்ஸ்டன் போய்விட்டாள். “நான் எண்ணாமல் இருந்திருந்தால் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டிருக்கும்” என்றாள். முதல்முறையாக அவள் பேச்சில் அலங்காரம் இல்லை.

ஜனவரி 8

ஃபானோருக்கான ஒன்பது நாள் ஜெபத்தின் கடைசி நாள். மெல்பா கோழிச் சாறு கொண்டுவந்தாள். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவன் நாற்காலியில் இல்லை, அதற்குப் பக்கத்தில். இருவரும் அதை ஒட்டியே உட்கார்ந்திருந்தோம்.

என் தலையைப் பார்த்து, “இடது பக்கம் வளந்துடுச்சு. சமம் பண்ணிடட்டுமா?” என்றாள்.

பண்ணினாள். இந்த முறை சமமாகவே.

ஜனவரி 14

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து போனில் ஒரு பெண். உற்சாகமான குரல். ஃபானோர் ஐயாவின் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, வாழ்த்துகள். வெறும் வயிற்றில் வர வேண்டும்.

அவர் காலமாகிவிட்டார் என்றேன்.

விசைப்பலகைச் சத்தம். “அப்போ வேற தேதிக்கு மாத்தணுமா அம்மா?”

வேண்டாம் என்றேன்.

ஜனவரி 19

ஞாயிறு. மாலைக் காற்று நன்றாக வந்தது. உடையைத் துவைத்துக் காயப்போட்டேன். கரித்தூள் விழுந்தாலும் கறுப்பில் தெரியவில்லை. மெல்பா ஊசி நூலோடு வந்து, தோளைப் பிடித்து உன் அளவுக்குத் தைத்துத் தருகிறேன் என்றாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

ஜாயிர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் சோபாத் துணியை உதறிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. தெருவுல பேசிக்கிறாங்க. அண்ணன் போயிட்டாரு. அடுத்த முப்பத்தொண்ணுக்கு விதவைக்கு ஒரு ஆளு பாக்கணும்.”

பார்க்க வேண்டாம், அந்த இடம் நிரம்பிவிட்டது என்றேன்.